தெத்தாவின் மார்பில் தைத்த சிலுவை

1

“அவிழ்த்துக் குடுடீன்னா—”

“குடுக்க மாட்டேம்மா. எத்தனை தடவை—”

“நான் பேசிக்கிட்டிருக்கேன், குறுக்க பேசாதே. உன் தங்கச்சி அங்க கட்டையாக் கிடக்கா. உனக்கு நகை பெருசாப் போச்சா?”

“நகைன்னா எப்பவோ குடுத்திருப்பேன். என் வளையலை எடுத்துக்கோ. பாசிமாலையை எடுத்துக்கோ. இது நகை இல்லம்மா.”

“தங்கத்துல செஞ்சு, கல்லு பதிச்சு, நெஞ்சுல வச்சுக்கிட்டு அலைஞ்சா அதுக்குப் பேரு நகை இல்லாம வெங்காயமா?”

“அவ முழுக்கு வாங்கலம்மா. முழுக்கு வாங்காதவ மார்ல சிலுவையைத் தைச்சு அனுப்பினா அது பொய்.”

“யாரு வந்து பாக்கப்போறா? அங்க வாசல்ல நின்னு ஒவ்வொருத்தி தலையையும் தொட்டு, ஈரமா காஞ்சிருக்கான்னு பாப்பாங்களா?”

“பாப்பாரு. ஆண்டவர் எல்லாத்தையும் பாப்பாரு.”

“எல்லாத்தையும் பாக்கிறவரு, அவ மூணு நாளாக் காய்ச்சல்ல துடிச்சப்ப எங்கடி பாத்துக்கிட்டிருந்தாரு?”

இங்கே இரண்டு குரல்களும் நின்றுவிட்டன. சண்டையில் அப்படி ஓர் இடம் வரும். சொல்லக்கூடாததை ஒருவர் சொல்லிவிடுவார். சொன்னவருக்கே காது சுடும்.

நானும் நிறுத்துகிறேன். இது எங்கிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்ளாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டியிலிருந்து வந்தது. கடல் கடந்து வந்து நாற்பது வருஷமாக நான் குடியிருக்கும் இந்தச் சதுப்புக் கரையில் எங்கே தோண்டினாலும் யாராவது படுத்திருப்பார்கள். பெட்டிக்குள் கட்டைவிரல் அகலத்தில் ஒரு தங்கச் சிலுவை. நான்கு கைகளும் ஒரே நீளம். மாதுளை முத்து நிறத்தில் சிவப்புக் கற்கள். பின்பக்கம் தெரிய ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருந்தார்கள். அதில் பார்த்தால் ஒவ்வொரு கைக்கும் ஒரு குட்டி வளையம். சங்கிலியில் கோக்க அல்ல, துணியில் தைக்க. பக்கத்தில் ஓர் அட்டை: ‘ஏழாம் நூற்றாண்டு. கட்டிலோடு புதைக்கப்பட்ட பெண், வயது சுமார் பதினாறு. ஆரம்பகாலக் கிறிஸ்தவர்.’

சிலுவை இருக்கிறது, ஆகவே கிறிஸ்தவர். அவ்வளவு சுலபம். அட்டையை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது என் காதுக்குள் ஒரு தாய், “அவிழ்த்துக் குடுடீன்னா” என்றாள். எனக்குக் கதை இப்படித்தான் வரும். குரல் முதலில், முகம் பிறகு. சில கதைகளில் முகம் வராமலே போய்விடும்.

(எந்த ஊர் அருங்காட்சியகம் என்று தேடாதீர்கள். பார்த்தது, கேட்டது, படித்தது எல்லாவற்றையும் குழைத்து ஒரே பெட்டியில் போட்டிருக்கிறேன்.)

2

“யார் யாரோடு பேசுகிறார்கள் என்று சொல்லாமல் எவ்வளவு நேரம் இழுக்கப்போகிறாய்?” என்று நீங்கள் கேட்பது விழுகிறது. முறையாகச் சொல்லத்தான் பார்த்தேன். முதல் தொடக்கம் இது:

[கி.பி. அறுநூற்று எழுபதுகளில், கிழக்குச் சதுப்பின் ஓரத்தில், பனி விலகாத ஒரு காலைப்பொழுதில்—]

பள்ளிக்கூடப் புத்தகம். அடித்துவிட்டேன். இரண்டாவது:

[ஹெரெகித் தன் இளைய மகளின் கண்களை மூடியபோது—]

இது தவறு. கண்களை மூடியது ஹெரெகித் அல்ல. அவள் அப்போது வீட்டில் இல்லை. எங்கே போயிருந்தாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆக, பேசுகிறவர்கள் இவர்கள்தான். ஹெரெகித், தாய். போர்வீரனுக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்பு மேற்குச் சண்டையிலிருந்து அவனுடைய வாள் மட்டும் வீட்டுக்கு வந்து சேரக் கண்டவள். லெயோவின், மூத்த மகள், பத்தொன்பது. தெத்தா இளையவள், பதினாறு. நேற்று முற்பகல் செத்துப்போனாள்.

போன ஈஸ்டரில், அரசர் மண்டபத்தருகே ஆற்றில் முப்பது பேர் முழுக்கு வாங்கி ஞானஸ்நானம் பெற்றார்கள். ஹெரெகித் இறங்கினாள், லெயோவின் இறங்கினாள். லெயோவினுக்கு ஞானத்தாயாகக் கைபிடித்து நின்றது அரசரின் அத்தை. அந்த அம்மாள் தங்கம் கொடுத்தாள். புருஷனின் வாள் பிடியிலிருந்து ஹெரெகித் கற்களைப் பெயர்த்துக் கொடுத்தாள். இரண்டும் சேர்ந்து சிலுவையானது. லெயோவின் அதை மார்புத் துணியில் தைத்துக்கொண்டாள்.*

தெத்தாவும் அன்றைக்கு இறங்கியிருக்க வேண்டியவள். கரையில் உறைபனி. முன்னால் போனவர்கள் உதடு நீலமாகிப் பல் தந்தியடிக்க ஏறி வந்ததைப் பார்த்தவள், ஓடிப்போய் ஆட்டுப்பட்டியில் ஒளிந்துகொண்டாள். சாயங்காலம் தலைமுடியில் வைக்கோலோடு வந்து நின்று, “அடுத்த வருஷம் வெயில் வந்தப்புறம் இறங்குறேன். கடவுளுக்கு என்ன அவசரம்?” என்றாள். ஹெரெகித் அடிக்கக் கையை ஓங்கியவள் சிரித்துவிட்டாள்.

இந்தத் தவக்காலத் தொடக்கத்தில் பாதிரி கோனல் வந்து, முழுக்குக்குப் பெயர் கொடுத்தவர்கள் நாக்கில் உப்பு வைத்துவிட்டுப் போனார். தெத்தா முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். உப்பு ஆகிவிட்டது, இனித் தண்ணீர்தான். அவள் செத்தபோது, ஈஸ்டரில் இறங்க வேண்டிய அந்தத் தண்ணீருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

* அந்தச் சிவப்புக் கற்களைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினேன். பழைய வாள்களில் இருந்த கற்களில் சில நம் பக்கத்துக் கடற்கரைகளிலிருந்து கை மாறி கை மாறி இங்கே வந்திருக்கலாம் என்று படித்திருக்கிறேன். எழுதும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன். பெருமை என்னுடையது, செத்துக் கிடப்பது ஹெரெகித்தின் மகள்.

3

சண்டை மறுபடி தொடங்கியது. ஹெரெகித் கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டு, அதன் இரும்புப் பிடிகளைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். மகளைக் கட்டிலோடுதான் மண்ணில் இறக்க வேண்டும் என்று முடிவுசெய்திருந்தாள். சுமக்க ஆறு பேருக்குச் சொல்லியாயிற்று. வெள்ளம் பாதையை மூடியிருந்ததால் பாதிரி படகில் வந்துகொண்டிருந்தார். அவர் வருவதற்குள் பிணம் தயாராக இருக்க வேண்டும்.

“அந்தக் கல்லு உன் அப்பன் வாளுல இருந்தது. உனக்கு மட்டுமாடி அப்பன்?”

“கல்லு அப்பாவோடது. தங்கம் அத்தையம்மாவோடது.”

“சிலுவை?”

“ஆண்டவரோடது.”

“அப்ப அவருகிட்டயே குடுத்தனுப்பு. அவதான் அங்க போறாளே.”

“அங்க போகலம்மா!” லெயோவினின் குரல் உடைந்தது. “அதைத்தானே காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன். அவ அங்க போகல!”

ஹெரெகித் எழுந்து வந்து அறைந்தாள். கையிலிருந்த சாம்பல் லெயோவினின் கன்னத்தில் ஐந்து விரலாகப் பதிந்தது. பிறகு, அடித்தவள்தான் உட்கார இடம் தேடினாள்.

“நீயும் நானும் ஒரு பக்கம்,” என்றாள். “அவ ஒத்தையா இன்னொரு பக்கம். அதானே சொல்றே? நான் செத்து அங்க போய் நின்னு, எல்லார் முகத்தையும் பாத்துக்கிட்டே போவேன், அவ மட்டும் இருக்க மாட்டா. அப்படியா?”

லெயோவின் சிலுவையின் மேல் கைவைத்துக்கொண்டாள். அப்படித்தான் என்று பாதிரி சொல்லிக்கொடுத்திருந்தார்.

“இதுன்னு தெரிஞ்சிருந்தா நான் அந்த ஆத்துல இறங்கியே இருக்க மாட்டேன்டி.”

இந்த இடத்தில் எனக்கு லெயோவினைப் பிடிக்காமல் போய்விட்டது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் முடிந்ததும் அவள் தீவில் இருக்கும் கன்னியர் மடத்துக்குப் போவதாக ஏற்பாடு. சிலுவை இல்லாமல் போனால், அதற்குத் தங்கம் கொடுத்த அத்தையம்மாள், “எங்கே?” என்று கேட்பாள். அந்தப் பயம்தான் காரணம், வேதத்தைச் சொல்லி மூடி மறைக்கிறாள் என்று எழுதி வைத்தேன். [லெயோவின் கல்நெஞ்சக்காரி. அவளுக்குத் தன் மோட்சம் மட்டுமே—] அந்த வாக்கியம் முடியவில்லை. ஏனென்றால் அவள் சிலுவையின் மேல் கைவைத்தபடி நின்ற விதம், பொருளைக் காப்பவள் நிற்கிற விதமாக இல்லை. காயத்தைப் பொத்திக்கொள்கிறவள் நிற்கிற விதமாக இருந்தது.

அவளிடம் வேறு ஏதோ இருந்தது. அதைச் சொல்ல அவள் வாய் திறக்கவில்லை. வேறொருத்தி திறக்க வேண்டியிருந்தது.

4

அந்த வேறொருத்தியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கதைக்கு வேண்டிய உண்மையைக் கொண்டுபோய் வேலைக்காரியின் வாயில் வைப்பது எழுதுகிறவர்களின் சோம்பேறித்தனம். நெஸ்டை இரண்டு முறை கதையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டு முறையும் பிணத்தைக் குளிப்பாட்ட ஆளில்லாமல் போயிற்று. ஆகவே இருக்கட்டும்.

நெஸ்ட் மேற்கே சண்டையில் பிடிபட்டு வந்த அடிமை. அவளுடைய சனங்கள் இவர்களுக்கு இருநூறு வருஷம் முன்பே கிறிஸ்தவர்கள். இங்கே அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

ஹெரெகித் கம்பளி எடுக்க வெளியே போனதும் நெஸ்ட் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“பாத்துத் தொடு, சுடும்,” என்றாள். “இவளுக்குப் பச்சைத்தண்ணி ஆகாது.”

“இப்ப என்ன,” என்றாள் லெயோவின்.

“இப்பத்தான் பாக்கணும். உயிரோட இருந்தாக் கத்தியாவது தொலைப்பா.”

இருவரும் தெத்தாவின் கையைத் துடைத்தார்கள். கழுத்தைத் துடைத்தார்கள். காதுக்குப் பின்னால் துடைக்கும்போது நெஸ்ட் தலையைத் தூக்கிப் பிடித்தாள். அப்படியே, குரலை மாற்றாமல் சொன்னாள்:

“நேத்து முற்பகல்ல நான் வாசல்ல திரிகை சுத்திக்கிட்டிருந்தேன்.”

லெயோவினின் துணி நின்றது.

“அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்ல. நடுவுல திரிகையை நிறுத்தினேன். அப்ப காதுல விழுந்துச்சு.”

விழுந்தது இதுதான்.

“அக்கா, நீயே ஊத்தேன்.”

“நான் ஊத்தினா அது வெறும் தண்ணிடி.”

“வெறும் தண்ணியா இருந்தாத்தான் என்ன? ஊத்து.”

“போன வருஷம் ஓடி ஒளிஞ்சே. இப்ப அவசரமா?”

“இப்ப உடம்பு கொதிக்குது, குளிராது. கிண்ணம் பக்கத்துலதானே இருக்கு.”

“தப்புடி. பாதிரிச் சாமிதான் ஊத்தணும். அதுக்குன்னு எண்ணெய் இருக்கு, ஜெபம் இருக்கு, வெள்ளைத்துணி இருக்கு. நானா எடுத்து ஊத்திட்டா ஆண்டவர் விளையாட்டுன்னு நினைச்சுக்குவாரு. அப்புறம் நிஜமா ஊத்தினாலும் செல்லாமப் போயிரும். சாமிக்கு ஆள் போயிருக்கு. நாளைக்கு வந்துருவாரு.”

“நாளைக்கு நான் இருக்கணுமே.”

“இருப்பே. வாயை மூடிட்டுப் படு.”

தெத்தா சொன்னபடி கேட்டாள். அதற்கு முன்பு அவள் எதற்கும் சொன்னபடி கேட்டதில்லை.

லெயோவின் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். எடுத்துவிட்டுக் கீழே வைத்தாள். [வைக்கும்போது கை நடுங்கி இரண்டு துளி தெத்தாவின் நெற்றியில்—] இல்லை. இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க விட்டுவைத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கருணை என் பேனாவில் இருந்தது, கிண்ணத்தில் இல்லை. தண்ணீர் சிந்தவில்லை.

அந்த நேரத்தில் ஹெரெகித் எங்கே இருந்தாள் என்றால், ஏரிக்கரையில். முழுக்கு வாங்கியவள்தான். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, தன் கல்யாணத்தில் அணிந்த மேலாடை அலங்கார ஊசியைக் கழற்றிப் பழைய தெய்வங்களுக்காகத் தண்ணீரில் எறிந்துகொண்டிருந்தாள்.

“எங்க ஊர்ல,” என்றாள் நெஸ்ட், “குழந்தை நீலம் பாரிச்சுப் பொறந்தா, பேறு பாக்குறவளே ஊத்திருவா. ஒரு கை தண்ணி, நாலு வார்த்தை. முடிஞ்சுது.”

“உங்க ஆளுங்க முழுக்கு செல்லாதுன்னு அத்தையம்மா சொல்லியிருக்காங்க.”

“செல்லுமோ செல்லாதோ. எனக்குத் தலை நனைஞ்சுது.”

“தெரிஞ்சவ அப்பவே உள்ள வந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?”

லெயோவின் துணியைச் சட்டியில் பிழிந்தாள்.

“இப்பச் சொல்றேன், அதையே கேக்க மாட்டேங்கிறே,” என்றாள் நெஸ்ட். “அடிமை சொல்லி மோட்சத்துக்குப் போறதான்னு இருந்திருப்பே. தலையைப் பிடி. முடியைச் சீவணும்.”

5

இதற்குப் பிறகு நடந்ததில் பேச்சு கிடையாது. ஆகவே எனக்கு எழுதுவது கஷ்டம்.

லெயோவின் சின்னக் கத்தியை எடுத்தாள். தன் மார்புத் துணியைத் திருப்பிப் பிடித்து, முதல் வளையத்தின் நூலை அறுத்தாள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது நூல் தடிமனாக இருந்தது. அறுக்கப் பொறுமையில்லாமல் பிடுங்கினாள்.

(பெட்டியின் பின்கண்ணாடியில் நான் பார்த்தபோது ஒரு வளையம் மட்டும் வெளிப்பக்கமாக நெளிந்திருந்தது. மண் நெளித்திருக்கலாம். தோண்டியவர் கை பட்டிருக்கலாம். நான் லெயோவின் என்று வைத்துக்கொண்டேன்.)

ஊசியில் இரட்டை நூல் கோத்து, தங்கையின் மேல் குனிந்து தைக்கத் தொடங்கினாள். உடம்பில் போட்டிருக்கும் உடையின் மேல் தைப்பது எளிதல்ல; ஊசி தோலைத் தொடாமல் இருக்க, துணிக்கு அடியில் தன் இடக்கை விரல்களை நுழைத்துக்கொண்டாள். விரல்களுக்கு அடியில் தோல் ஏரித் தண்ணீரைப் போலச் சில்லென்றிருந்தது.

பொய் என்று அவளுக்கு இன்னமும் தெரியும். காலையில் பொய்தான் எல்லாவற்றிலும் பெரியதாக இருந்தது. இப்போது அதைவிடப் பெரியது ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டதால், பொய்க்கு ஓர் ஓரத்தில் இடம் கிடைத்தது.

ஹெரெகித் கம்பளியோடு உள்ளே வந்தாள். பார்த்தாள். மூத்தவளின் கன்னத்தில் தன் சாம்பல் விரல்களைப் பார்த்தாள். கம்பளியின் நுனியால் அதைத் துடைத்துவிட்டாள்.

“கோணலாத் தைக்காதே,” என்றாள். “அவளுக்குப் பிடிக்காது.”

“சரிம்மா.”

“குடுத்துட்டியே. எனக்கு அது போதும்.”

லெயோவின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். போதும் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு, எல்லாவற்றையும் சொல்லிவிட வாய்வரை வந்தது. தாய் அதற்குள் கட்டில் பக்கம் போய்விட்டாள்.

இங்கேயே நான் கதையை நிறுத்தியிருக்கலாம். தாயும் மகளும் சமாதானம், சிலுவை மார்பில், மேலே மண். பெட்டிக்குள் இருப்பதும் அதோடு சரியாகப் பொருந்துகிறது. ஆனால் படகு கரைக்கு வந்துவிட்டது.

6

முதல் வரைவில் பாதிரி கோனல் கெட்டவராக இருந்தார். பருத்த உடம்பு, மோதிரம், சிலுவையின் மேல் ஒரு கண். தங்கத்தைக் கோயிலுக்குக் கேட்பார், பெண்கள் அழுவார்கள், நானும் நீங்களும் அவர்மேல் கோபப்பட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். அந்தக் கோனல் வாயைத் திறந்தால் ஒரு குரலும் வரவில்லை. வாயே இல்லாத ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இப்போது வந்தவர் மெலிந்தவர். கடல் கடந்து, அயர்லாந்திலிருந்து வந்து பதினோரு வருஷம். முழங்கால்வரை சேறு. கால்விரல்களில் குளிர் வெடிப்பு. இவர்கள் பாஷையை ஒவ்வொரு சொல்லாகக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துத்தான் பேசுவார்.

“படகுக்காரன் எங்கும் கிடைக்கல,” என்று சொல்லிக்கொண்டே நுழைந்தார். “வெள்ளம். ரெண்டு இடத்துல நானே இறங்கித் தள்ளினேன். ஹெரெகித் அம்மா, என்னை மன்னிக்கணும்.”

“உட்காருங்க சாமி. நெஸ்ட், கஞ்சி கொண்டா.”

“வேணாம். முதல்ல பிள்ளையைப் பாக்கிறேன்.”

கட்டிலின் பக்கம் வந்தார். சீவிய தலைமுடி, வெள்ளை உடை, அதன் மேல் சிலுவை. அவர் முகம் தெளிந்ததை மூன்று பெண்களும் பார்த்தார்கள். வழியெல்லாம் தூக்கி வந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்டதைப் போல மூச்சு விட்டார்.

“ஆண்டவருக்குத் தோத்திரம். முழுக்கு ஆச்சா? நான் வரும்போதெல்லாம் அதே நினைப்பு. உப்பு வச்சேன், தண்ணி வைக்கலியேன்னு. யாரு ஊத்தினது?”

நெஸ்ட் கஞ்சிச் சட்டியைக் கிளறினாள்.

“என்ன சாமி சொல்றீங்க?” என்றாள் ஹெரெகித். “நீங்க இல்லாம யாரு ஊத்த முடியும்?”

“யாரு வேணாலும் ஊத்தலாம்மா. சாகக் கிடக்கிறவங்களுக்கு முழுக்கு வாங்கின யாரும் ஊத்தலாம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரைச் சொல்லி ஒரு கை தண்ணி. நான் ஊத்தினா என்ன, லெயோவின் ஊத்தினா என்ன? உங்களுக்குப் போன வருஷமே சொன்னேனே.” அவர் நிறுத்தினார். “சொன்னேன்தானே?”

அவர் ஜெபம் சொல்லிக்கொடுத்தார். விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொடுத்தார். எந்த நாளில் இறைச்சி கூடாது, எந்த மரத்தடியில் கும்பிடக் கூடாது, குதிரைக்கறி ஏன் கூடாது என்றெல்லாம் சொன்னார். முப்பது பேர், நாலு நாள், மொழிபெயர்க்க ஒரே ஓர் ஆள். இதைச் சொன்னாரா? அவர் மனதுக்குள் அந்த நாலு நாளையும் விரல்விட்டு எண்ணுவது லெயோவினுக்குத் தெரிந்தது. அவருக்கும் ஒரு ‘ஆமாம்’ வேண்டியிருந்தது. அவள் சொன்னால், அவர் சொல்லிக்கொடுத்திருந்தார் என்று ஆகும்.

“முழுக்கு ஆனவள்னா நான் வேதத்துச் சங்கீதம் பாடிக் கட்டிலுக்கு முன்னால நடக்கிறேன்,” என்றார் கோனல், மெதுவாக. “ஆகலைன்னா… நான் கூட வரலாம். பாட முடியாது. அதுக்கு மேல என் கையில எதுவும் இல்ல.” பிறகு கேட்டார்: “நீதானே கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்தே. நீ ஊத்தினியா, லெயோவின்?”

7

இங்கே வந்து நின்று மூன்று வாரம் ஆகிறது. தெத்தாவின் முழுக்குக்கு இருந்த அதே மூன்று வாரம். இது தற்செயல், ஆனால் எழுதிய பிறகு எடுக்க மனம் வரவில்லை.

லெயோவின், “ஆமாம்” என்கிறாள். இதைத்தான் முதலில் எழுதினேன். பாதிரி அழுகிறார். ஆறு பேர் கட்டிலைத் தூக்குகிறார்கள், சங்கீதம் ஏரியின் மேல் போகிறது, ஹெரெகித் இனிமேல் பயமில்லாமல் சாகலாம். லெயோவின் மடத்துக்குப் போகிறாள். அங்கே நாற்பது வருஷம் இருந்து, சாகக் கிடக்கும் ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் கிண்ணத்தோடு உட்கார்ந்து, ஒரு தடவைகூட [அந்தக் கிண்ணத்திலிருந்து தான் ஒரு வாய் தண்ணீர்கூட—]

அழகாகத்தான் போனது. அழகாகப் போவதால் நிறுத்தினேன்.

“இல்லை” என்றால்? பாதிரி தலையைக் குனிந்துகொள்கிறார். ஹெரெகித் சிலுவையைப் பிய்த்து எறிவாள் என்று நினைத்து எழுதப் போனேன். ஆனால் பெட்டியில் சிலுவை மார்பின் மேல்தானே கிடைத்தது? அவள் பிய்க்கவில்லை. ‘இல்லை’ என்ற பிறகும் பிய்க்காமல் இருக்க அந்தத் தாய் எதை விழுங்கியிருக்க வேண்டும் என்று என்னால் எழுத முடியவில்லை. பக்கம் அப்படியே இருக்கிறது. பாதி வெள்ளையாக.

இன்னொன்றும் உண்டு. நெஸ்ட் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி, “நான் ஊத்தினேன் சாமி, உதடு நனைக்கிற சாக்குல” என்கிறாள். என் தோழி ஒருத்திக்குப் படித்துக் காட்டினேன். “இதையே வச்சுக்கோயேன், எல்லாருக்கும் நல்லது” என்றாள். எல்லாருக்கும் நல்லதுதான். இந்த வீட்டில் நெஸ்டுக்கு யார் என்ன நல்லது செய்தார்கள், அவள் வந்து எல்லாரையும் கரையேற்ற? கேட்டுப் பார்த்தேன். அவள் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

தங்கத்தைக் கேட்டாலும் பயனில்லை. லெயோவின் என்ன சொல்லியிருந்தாலும் சிலுவை அதே இடத்தில், அதே நான்கு வளையத்தில் இருக்கும். ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து யாரோ தூரிகையால் மண்ணைத் தள்ளி, ‘ஆரம்பகாலக் கிறிஸ்தவர்’ என்று எழுதுவார். அந்த அட்டையைத் திருத்தச் சொல்லி நான் கடிதம் எழுதவா முடியும்? பெட்டியின் முன்னால் அடுத்த முறை நீங்கள் நின்றால், உங்கள் காதில் ‘ஆமாம்’ விழுகிறதா ‘இல்லை’ விழுகிறதா என்று பாருங்கள். எனக்கு விழவில்லை. நான் காது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வயதாகிவிட்டது, அதனாலும் இருக்கலாம்.

எனக்கு விழுந்தது வேறொன்று. பாதிரி கேட்டு முடித்த பிறகு, லெயோவின் வாய் திறப்பதற்கு முன்பு.

ஹெரெகித் கையில் பிடித்திருந்த கம்பளியைக் கீழே வைத்தாள். ‘யாரு வேணாலும் ஊத்தலாம்’ என்ற சொல் அவளுக்குள் இறங்க இவ்வளவு நேரம் பிடித்திருந்தது. மூத்த மகளின் மார்புத் துணியில் சிலுவை இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். ஒன்று மட்டும் கிழிசல். அதைப் பார்த்தாள். எப்போது கொடுத்தாள், ஏன் கொடுத்தாள், காலையெல்லாம் மாட்டேன் என்றவள் தான் கம்பளி எடுக்கப் போன நேரத்துக்குள் எப்படி மாறினாள் என்று அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்தது.

“சாமி, கொஞ்சம் பொறுங்க,” என்றாள். குரல் உயரவில்லை. இரண்டு நாளாக அந்த வீட்டில் யாரும் அவ்வளவு தணிவாகப் பேசவில்லை.

“ஊத்தினியான்னு அவரு கேக்குறாரு. நான் அதைக் கேக்கல. ஊத்தச் சொல்லி அவ உன்னைக் கேட்டாளாடி?”